துடைக்காமல் விட்ட எலுமிச்சைச் சாறு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்பேன். நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பமாட்டேன். ஆளுக்கொன்று சொன்னால் தூக்கம் போய்விடும். அறுபதுகளின் முதல் பாதியில் ஒரு வருஷம் முழுக்க நான் கேட்டுத் திரிந்த கேள்வி இது: பட்டறைக்குத் தகட்டை அழுத்துகிற பிரஸ் யந்திரம் வந்தால் தகர வேலைக்காரன் என்ன ஆவான்?

பட்டறை பீளமேட்டில் இருந்தது. கிணற்று மோட்டார் செய்கிற இடம். அப்போது கோயமுத்தூரைச் சுற்றி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரின் பின்பக்கம் ஒரு விசிறி சுற்றும். அதில் யாரும் கையை விட்டுவிடாமல் இருக்க மேலே ஒரு தகர மூடி இருக்கும். அந்த மூடிதான் என் பிழைப்பு. கமலை ஓட்டிய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் மூடிக்கு ஆபத்து வந்தபோதுதான் அவர்கள் நினைவே வந்தது.

மூடியைக் கையால் செய்வது சின்ன வேலை இல்லை. ஒரு தகட்டை நீளமாக வெட்டி, வளையமாக உருட்டி, ஆசிட் தடவி ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். இன்னொரு தகட்டை வட்டமாக வெட்டி, குழிந்த மரக்கட்டையில் வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் குழிய வைக்க வேண்டும். கொட்டாப்புளி என்றால் மரச் சுத்தியல். இரும்பால் அடித்தால் தகடு முகத்தைச் சுளித்துக்கொள்ளும். பிறகு வளையத்தையும் மூடியையும் விளிம்பில் மடக்கி, ஒன்றை ஒன்று கவ்வ வைக்க வேண்டும். அந்த மடிப்பு விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தால் நல்ல வேலைக்காரன்.

இந்த வேலைக்கு இரண்டே பேர்: நானும் பாயும். பாய் கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே குடும்பத்தோடு தகரப் பெட்டி செய்துகொண்டிருந்தவர். நான் தொழில் கற்றது வேறு பட்டறையில் என்பதால் எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் போட்டிதான். நான் முடித்த மூடியை எடுத்து மடிப்பின் மேல் விரலை ஓட்டுவார். "இங்க ஒரு எறும்பு ஏறி எறங்கும்" என்பார். நானும் விடமாட்டேன். அவர் மூடியில் யானை ஏறி இறங்கும் என்பேன்.

பிரஸ் வரப்போகிற செய்தியை முதலாளியே சொன்னார். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் கொங்குத் தமிழ். கோபம் வந்தாலும் குழப்பம் வந்தாலும் தெலுங்குக்குப் போய்விடுவார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏனுங்க, மறைச்சு வெச்சு என்னங்க பண்றது? மூடிக்கு பிரஸ் வாங்கியாச்சுங்க. அதுக்கு ஒருத்தர் போதும்னு சொல்றாங்க. யாருன்னு நானே இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றார்.

இப்படி மரியாதையாகச் சொன்னால் ஒரு மனிதன் எப்படிக் கோபப்படுவது? தலையாட்டிவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்துதான் நான் கேட்க ஆரம்பித்தேன். பிரஸ்ஸைப் பூட்ட பம்பாயிலிருந்து வந்த பிட்டரிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன். நீ ஒரு மூடி முடிப்பதற்குள் இது ஒரு கூடையை நிரப்பிவிடும் என்று கையால் காட்டினார். தொழிற்சங்கத்துக்காரரிடம் கேட்டேன். யந்திரம் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் என்றார். டீ குடித்து முடிப்பதற்குள், யந்திரங்கள் பெருகினால்தான் நாடு உருப்படும் என்றும் சொன்னார். டீக்கடையில் பேப்பர் படிப்பவர் ஒருவர் இருந்தார். பழைய வேலை போனால் புது வேலை வரும் என்றார். என்ன வேலை என்றேன். அது வந்தால்தான் தெரியும் என்றார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "அந்த மிசினுக்கு உங்களாட்டம் வாய் இருக்குதுங்களா?" என்றாள். இது ஆறுதலா கிண்டலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாயிடம் மட்டும் நான் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. ஒருத்தர் போதும் என்ற பிறகு இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வது? ஆனால் அவர் மூடியில் எறும்பு தேடுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு என்னவோ செய்தது.

பிரஸ் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம். நடுவில் டை, அதாவது அச்சு. கீழே பளபளவென்று ஒரு உருக்கு வளையம், மேலே அதற்குள் இறங்குகிற ஒரு உருண்டை. வட்டத் தகட்டை வளையத்தின் மேல் வைத்து மிதியை மிதித்தால் உருண்டை தகட்டை உள்ளே தள்ளும். ஒரே அடியில் மூடி. மடிப்பும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. பிட்டர் நாலு மூடி அடித்துக் காட்டிவிட்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். முறைப்படி ஆயுதபூஜை போட்டுவிட்டுத்தான் ஓட்டுவது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எங்கள் பட்டறையில் ஆயுதபூஜைக்கு ஆளாளுக்குத் தன் சாமானைக் கழுவித் துடைத்து வரிசையில் வைக்க வேண்டும். கடைசல்காரர் தன் உளியை வைப்பார், வார்ப்படக்காரர் தன் கரண்டியை வைப்பார், கணக்கப்பிள்ளை பேனாவை வைப்பார். நான் என் கொட்டாப்புளியையும் தகரக் கத்திரியையும் வைப்பேன். பாயும் தன் சுத்தியலைக் கொண்டுவந்து என் சாமானுக்குப் பக்கத்தில் வைப்பார். என் சாமானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற நான், அவர் சுத்தியலுக்குச் சந்தனம் மட்டும் வைப்பேன். யாரும் சொல்லி வந்த ஏற்பாடு இல்லை. முதல் வருஷம் அப்படி நடந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பூஜை முடிந்தால் வண்டிகளின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். லாரிக்கு நாலு, முதலாளியின் காருக்கு நாலு, எங்கள் சைக்கிளுக்கும் ஆளுக்கு இரண்டு. அந்த வருஷம் பிரஸ் முன்னால் எல்லோரும் எலுமிச்சம்பழத்தோடு நின்றோம். எங்கே வைப்பது? அதன் சக்கரம் தரையைத் தொடவில்லை. காலடியில் வைக்கலாம் என்றார் கடைசல்காரர். கால்தான் நகராதே, எப்படி நசுங்கும் என்றார் கணக்கப்பிள்ளை. பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். அப்போது ஒரு வாய் பேசியது. என் வாய்தான்.

"வண்டிக்குச் சக்கரம்னா பிரஸ்ஸுக்கு டைதானுங்க. அதுல வெச்சு எறக்கீருங்க."

எல்லோரும் ஆமோதித்தார்கள். நானே உருக்கு வளையத்தின் மேல் பழத்தை வைத்தேன். முதலாளி பெரிய சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்ற, மேல் உருண்டை மெதுவாக இறங்கியது. பழம் பிதுங்கி நசுங்கியது. கைதட்டினோம். உருண்டை மேலே போனபோது வளையம் முழுக்கச் சாறும் சக்கையுமாக இருந்தது.

நான் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தேன். எண்ணெய்த் துணி, எப்போதும் என்னிடம் இருக்கும். துடைக்கக் கை நீண்டது. பிறகு கை நின்றது.

ஏன் நின்றது? பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை போட்டு எடுக்கும் வரைக்கும் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். "தொடாதீங்க" என்று யாரோ சொன்ன மாதிரியும் ஒரு நினைவு. யார் சொன்னது என்று பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். யாருமே சொல்லவில்லையாம். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பொரி வாங்கப் போனேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பொரியில் கடலை கம்மியாக இருந்ததற்கு ஒருவரோடு சண்டைகூடப் போட்டேன்.

அது சனிக்கிழமை. மறுநாள் விஜயதசமி ஞாயிறாக வந்ததால் மறுபூஜையைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை கற்பூரம் காட்டி, சக்கையை எடுத்துப்போட்டு, வளையத்தைத் துடைத்தபோது அந்தப் பளபளப்பைக் காணோம். சாறு ஓடிய வழியெல்லாம் கறுப்பு. முன்விளிம்பில் பொடிப்பொடியாகத் துரு அரித்திருந்தது. இருந்தாலும் தகட்டை வைத்து மிதித்தார்கள். வந்த மூடியில் நகத்தால் பிராண்டிய மாதிரி நீளக் கோடு. இரண்டாவது மூடி ஓரத்தில் கிழிந்தே வந்தது. மூன்றாவதை அடிக்க முதலாளி விடவில்லை. தன் தம்பியைக் கூப்பிட்டுத் தெலுங்கில் என்னவோ சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் நானும் பாயும் பழையபடி தகடு வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பாய் ஈயம் பற்றவைக்க ஆசிட் புட்டியைத் திறந்தார். அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தெனம் ஆசிடுல பொழங்கறவனுக்கு, புளிப்பு பட்டா இரும்பு என்னாகும்னு தெரியாதா தம்பி?"

தெரியும். எலுமிச்சை இரும்பைத் தின்னும் என்று பட்டறையில் இருந்த அத்தனை பேரிலும் எனக்கும் பாய்க்கும்தான் நன்றாகத் தெரியும். அப்படியானால் நான் ஏன் துடைக்கவில்லை? வழக்கத்துக்குப் பயந்தா? அல்லது உள்ளே இருந்த வேறு எவனோ கையைப் பிடித்துக்கொண்டானா? யோசிக்க யோசிக்க, துணியை எடுத்தது ஞாபகம் வருகிறது, மடித்து வைத்தது ஞாபகம் வருகிறது. நடுவில் என்ன நினைத்தேன் என்பது மட்டும் வரவே இல்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுங்களே" என்றாள். கொஞ்சம் புடைத்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, வேணும்னு பண்ணிப்போட்டீங்களா?"

"தெரியல புள்ள."

"இதென்னங்க பேச்சு? உங்களுக்குத் தெரியலீன்னா வேற யாருக்குங்க தெரியும்?"

அதுதானே? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதலாளி அறைக்குப் போய், அவர் உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி கையில் இருந்தது, துடைக்கப் போனேன், துடைக்கவில்லை.

"வேணும்னு பண்ணீங்களா?"

"எனக்கே தெரியலீங்க மொதலாளி."

அவர் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் இருந்த தம்பியோடு தெலுங்கில் பேசினார். என் தலைவிதி எனக்குப் புரியாத மொழியில் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேணும்னு பண்ணுனவன் வந்து சொல்ல மாட்டானுங்க. உடுங்க. டையை பம்பாய்க்கு அனுப்புனா எப்பத் திரும்பி வருமோ தெரியாது. கையாலயே சரி பண்ண முடியுங்களா?"

"முடியுங்க" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. தகட்டு வேலைக்காரனிடம் முடியுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்?

"அப்பச் சரி பண்ணிருங்க. சரியாயிருச்சுன்னா நீங்களே பிரஸ்ல நில்லுங்க. இல்லீன்னா பாய் நிக்கட்டுங்க" என்றார்.

வெளியே வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நேராகப் பாயிடம் போய்ச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் வளையத்தை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ சரி பண்ணுனா நான் வெளிய. பண்ணலேன்னா நீ வெளிய. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க."

"அப்ப எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கிற? போய் வேலையப் பாரு."

போனேன். முதல் இரண்டு நாள் எமரி உப்புத்தாளும் எண்ணெயும். பிறகு சாணைக்கல். கறுப்பு சீக்கிரம் போய்விட்டது. குழிதான் போகவில்லை. ஒரு இடத்தில் கூடத் தேய்த்தால் வளையம் கோணிவிடும். கம்மியாகத் தேய்த்தால் தகடு கிழியும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். என் மூடிகளுக்காகப் பழக்கிய விரலை, மூடியை என்னிடமிருந்து பிடுங்கப்போகிற இரும்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. ஆனால் வேலை பிடித்திருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வரும்? வந்தது.

நாலாம் நாள் மத்தியானம், முன்னால் ஒரு நிழல் விழுந்தது. பாய் குனிந்து வளையத்தின் மேல் விரலை ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நின்றார்.

"இங்க ஒரு எறும்பு ஏறி எறங்குது."

சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து, என் கையிலிருந்து சாணைக்கல்லை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கவில்லை.

"ஏனுங்க பாய், இது சரியாச்சுன்னா நீங்க போகோணும். தெரியுமில்லீங்க?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க இதைப் பண்றீங்க?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எதுக்குன்னா? சொரசொரன்னு உட்டுப்போட்டு எப்படிப் போறது? எண்ணெயை ஊத்து."

ஊற்றினேன். என் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் மாறி மாறி விரலை ஓட்டிப் பார்த்தோம். எறும்பு இல்லை.

மறுநாள் பிரஸ் ஓடியது. ஒரே மிதி. மூடி டங்கென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக விரலுக்குத் தட்டுப்படாமல் மறைக்கப் பாடுபட்ட மடிப்பு அதில் அடியோடு இல்லை. என்னைவிட நன்றாகச் செய்திருந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது, திருப்பித் திருப்பிப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாய் கிளம்பினார். முதலாளி கையைப் பிடித்து, வேறு இடம் சொல்லிவிடுகிறேன் என்றார். பாய் என்னிடம் வந்து, "அந்தக் கொட்டாப்புளியக் குடு. இனி உனக்கு எதுக்கு?" என்றார். குத்திச் சொல்லவில்லை. கொட்டாப்புளி சும்மா கிடந்தால் வெடித்துவிடும். அதனால்தான் கேட்டார். புளிய மரத்தில் கடைந்தது, பிடியில் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒருவர் போக வேண்டும் என்றார்கள், போனவர் பாய். ஆனால் நூல் மில்களில் ஈரக்காற்றைக் கொண்டுபோக ஆள் நுழைகிற அளவுக்குத் தகரக் குழாய்கள் போட ஆரம்பித்த காலம் அது. ஒவ்வொரு மில்லும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு வளைவு. அதை எந்த பிரஸ்ஸும் அடிக்காது. பாய் அந்த வேலையில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அவருக்கே ஆள் போதவில்லை. நான் பிரஸ்ஸில் நின்றேன். தகட்டை வை, மிதி, எடு. வை, மிதி, எடு. ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. நாலைந்து மாதத்தில் மனைவி என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ப்பெல்லாம் போயி மெத்துனு ஆயிருச்சுங்களே" என்றாள். அவள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் திக்கென்றது.

பாய் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, "வாரியா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். நிற்கிற இடத்தை விட்டுவிட்டுப் போகப் பயம். அந்த மில் வேலை எத்தனை நாள் நிற்கும் என்று நாலு பேரிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துத்தான் நசுக்க வேண்டும் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாமான்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தன. உளி, கரண்டி, பேனா. சந்தனக் கிண்ணத்தோடு முதலாளி வந்தார்.

"உங்க சாமான் எங்கீங்க?"

பிரஸ்ஸைப் பார்த்தேன். அதற்கு அவர் ஏற்கெனவே மாலை போட்டிருந்தார். அது பட்டறையின் சாமான், என்னுடையது இல்லை. தகரக் கத்திரி எங்கே போனதென்று தெரியவில்லை. பையில் கை விட்டேன். எண்ணெய்த் துணிதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதை நாலாக மடித்து வரிசையில் வைத்தேன். முதலாளி அதற்கும் சந்தனம் வைத்தார். எண்ணெயில் அது ஒட்டவில்லை.

அப்போதுதான் பாய் வந்தார். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தாராம். "நீ சந்தனம் வெச்சாத்தான் என் சுத்தியல் நேரா அடிக்குது" என்று என்னைச் சீண்டிக்கொண்டே, பழைய இடத்தில் சுத்தியலை வைத்தார். அதற்குப் பக்கத்தில் கொட்டாப்புளியை வைத்தார். பிடியில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது.

வழக்கம்போல் நான் குனிந்து சுத்தியலுக்குச் சந்தனம் வைத்தேன். கொட்டாப்புளிக்கும் சந்தனம் வைத்தேன். பழக்க தோஷத்தில் விரல் குங்குமத்துக்குப் போய், தொட்டும்விட்டது. பிடிக்கு மேலே கொண்டுபோன பிறகுதான் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அது இப்போது பாயின் சாமான்.